வித்தும் வித்தகரும்
(விபுலானந்த அடிகளாரும் பாலர் விஞ்ஞானக் கல்வியும்)

ஈழத்தின் கீழ்கரையிலே, கடலுக்கு அணித்தாக, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது மட்டக்களப்பு வாவி. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, ஞாயிறு மறையும் திசையில் விரிந்து கிடப்பது படுவான்கரை. எழுவான்கரையிலே தெங்கு செழித்தது. படுவான்கரையிலே நெல் விளைந்தது. இவ்விரு கரைகளிலும் பிறந்த பிள்ளைகள் வித்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள். விதைநெல்லைச் சாக்கிலே கட்டி நீரிலே ஊறவைப்பதும், எடுத்து மூடிவைத்து முளை கண்டபின் வயலுக்குக் கொண்டு செல்வதும் அவர்கள் தந்தையார் ஆண்டுதோறும் செய்யும் தொழில். முற்றிய தேங்காய்கள் மர நிழலிலே வரிசையாகக் கிடந்து குருத்து விடுவதை அவர்கள் முற்றத்திலேயே கண்டவர்கள்.

இத்தகைய பிள்ளைக்கு, வித்து எப்படி முளைக்கிறது என்னும் பாடத்தைக் கற்பிப்பதைவிட எளிதான காரியம் வேறு உண்டோ? ஆயினும் நெடுங்காலம் அது எளிதாக இருக்கவில்லை. விஞ்ஞானம் என்பது ஆங்கிலத்திலே படிக்க வேண்டிய ஒன்று. அதுவும் நகரத்துக் கல்லூரிகளில், உயர்ந்த வகுப்புகளில், சிலர் மாத்திரம் படிக்க வேண்டிய ஒன்று என்றிருந்த காலம் அது. வீட்டிலே தான் அறிந்த வித்து வேறு, புத்தகத்திலே வரும் வித்து வேறு என்று பிள்ளை எண்ணியது. கண்டறிய வேண்டியதை வாய்ப்பாடம் செய்தது.

இவ்விரண்டு வித்தும் ஒன்றே என்பதை நிலைநாட்ட உழைத்த பெரியோருள் முன்னணியில் நிற்பவர் இவ்வாவிக்கரை தந்த முத்தமிழ் வித்தகர், சுவாமி விபுலானந்தர். அவரைத் துறவி என்று அறிவோம். யாழ்நூல் ஆசிரியர் என்று போற்றுவோம். அவர் முதலிலே ஒரு விஞ்ஞான ஆசிரியர் என்பதை மட்டும் பலகாலும் மறந்துவிடுகிறோம். அந்த ஒரு கண்ணோடு அவர் வாழ்க்கையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் இளமையும்

கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்தில், கண்ணகை அம்மன் கோயில் கொண்ட பழைய ஊர் காரைதீவு. அன்று மட்டக்களப்பைச் சேர்ந்திருந்த அவ்வூர், 1961 முதல் அம்பாறை மாவட்டத்துள் அடங்கியது. அங்கே சாமித்தம்பியார், கண்ணம்மையார் என்னும் நற்பெற்றோருக்கு 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள் பிறந்த குழந்தைக்குப் பின்னாளிலே வழங்கிய பெயர் மயில்வாகனன் என்பது.

ஊர்த் திண்ணையிலே ஏடு தொடக்கி, குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தும் எண்ணும் கற்றார். வைத்தியலிங்க தேசிகரிடம் தமிழோடு வடமொழியும் பயின்றார். பின்னர் கல்முனையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். இயேசு சபைத் துறவியர் நடாத்திய அக்கல்லூரியிலே கணிதமும் விஞ்ஞானமும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1908இல், தமது பதினாறாவது வயதிலே, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார்.

இங்கே இளைஞர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காலையிலே ஆங்கிலத்தில் கேத்திரகணிதம் கற்ற அதே மாணவர், மாலையிலே தமிழிலக்கணமும் கற்றார். ஒன்றிற்காக மற்றொன்றைக் கைவிடவில்லை. அவர் காலத்து இளைஞர் பலர் ஆங்கிலம் கைவந்ததும் தமிழை வீட்டுப் பேச்சோடு நிறுத்திக்கொண்டனர். வேறு சிலர் தமிழ் கற்றதும் மேனாட்டு அறிவை ஐயக்கண்ணோடு பார்த்தனர். மயில்வாகனனாரோ இருகரையிலும் கால் வைத்து நடந்தார். பின்னாளில் அவர் செய்த பணிகள் எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம் ஆயிற்று.

விஞ்ஞான ஆசிரியர்

பரீட்சையில் தேறியதும் அவர் ஏற்ற தொழில் ஆசிரியத் தொழில். 1911இல் கொழும்பு சென்று ஆசிரிய பயிற்சிக் கலாசாலையிலே சேர்ந்து, பயிற்றப்பட்ட ஆசிரியராய் மீண்டார். அத்தோடு அமையவில்லை. மறுபடியும் கொழும்பு சென்று அரசினர் தொழினுட்பக் கல்லூரியிலே சேர்ந்து, 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அதே 1916ஆம் ஆண்டிலேதான் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் தேறினார். ஈழத்திலிருந்து அப்பரீட்சையிலே தேறிய முதல்வர் அவரே என்பர். ஒரே ஆண்டில் ஒரு கையில் இரசாயனக் குழாயும் மறு கையில் இலக்கண ஏடும் பிடித்து இரண்டிலும் வெற்றி கண்ட இளைஞருக்கு அப்போது வயது இருபத்து நான்கு.

1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரி அவரை விஞ்ஞான ஆசிரியராக அழைத்துக்கொண்டது. அங்கே இரசாயனம் கற்பித்தவாறே தாமாகப் படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டமும் பெற்றார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரைத் தன் அதிபராக ஏற்றது. யாழ்ப்பாணத்திலே இருந்த அக்காலத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தை நிறுவுவதிலும் அவர் பங்கு பெரிது. தமிழ் கற்போர் முறையாகப் பரீட்சை எழுதித் தகுதி பெறுவதற்கு அச்சங்கம் வழி வகுத்தது.

இரசாயனம் கற்பித்தல் என்பது சூத்திரங்களைக் கரும்பலகையிலே எழுதிக் காட்டுவது அன்று. நிறுத்தல், அளத்தல், சூடாக்கல், காத்திருத்தல், கண்டதைக் கண்டவாறே குறித்தல் ஆகிய இவ்வைந்தும் கைவந்தால் அன்றி அப்பாடம் வாராது. ஆசிரியர் சொன்னார் என்பதற்காக ஒன்றை உண்மை என்று கொள்ளாமல், செய்து பார்த்து உண்மை என்று கொள்ளும் பயிற்சி அது. இப்பயிற்சியை உடையவராய் இருந்தமையினாலேதான், பின்னாளில் பழந்தமிழ் நூல்களுள் மறைந்து கிடந்த யாழையும் அவரால் அளந்து காணமுடிந்தது.

துறவும் கல்வித் தொண்டும்

அதிபர் பதவி, பட்டங்கள், ஊராரின் மதிப்பு ஆகிய எல்லாம் நிரம்பியிருந்த வேளையிலே, 1922இல், அவற்றை விட்டு நீங்கிச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார் மயில்வாகனனார். அங்கே பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பூண்டு, இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ் இதழுக்கும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கில இதழுக்கும் ஆசிரியராய் இருந்தார். 1924ஆம் ஆண்டு சித்திராபௌர்ணமியன்று, பகவான் ஸ்ரீ இராமகிருஷ்ணரின் நேர்ச்சீடராகிய சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று, சுவாமி விபுலானந்தர் ஆனார்.

துறவு பூண்டவர் மலைக்குகை தேடிச் செல்லவில்லை. பாடசாலை தேடி வந்தார். 1925இல் ஈழம் திரும்பி, இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளைப் பேணும் பொறுப்பை ஏற்றார். யாழ்ப்பாணத்திலே வைத்தீஸ்வர வித்தியாலயம், திருகோணமலையிலே இந்துக் கல்லூரி, மட்டக்களப்பு நாட்டிலே ஊர்தோறும் சிறு பாடசாலைகள் என இவற்றுக்கிடையே ஓயாது அலைந்தார். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவும் கூரை மேயவும் பணம் தேட வேண்டியிருந்தது. ஆதரவற்ற சிறுவர்களைச் சேர்த்து உணவும் உறையுளும் கல்வியும் அளிக்கும் மாணவர் இல்லத்தையும் நடாத்தினார்.

1929இல் மட்டக்களப்பு நகருக்கு எதிர்க்கரையிலே, வாவிக்கும் கடலுக்கும் நடுவே, கல்லடி உப்போடையில் தம் குருநாதரின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். வசதி படைத்த நகரத்தார்க்கு மாத்திரம் எட்டியிருந்த ஆங்கிலக் கல்வியும் விஞ்ஞானக் கல்வியும், சைவச் சூழலிலே, கிராமத்துப் பிள்ளைக்கும் எட்டவேண்டும் என்பதே அதன் நோக்கம். 1960களின் தொடக்கத்தில் ஏனைய உதவி நன்கொடைப் பாடசாலைகளோடு அதுவும் அரசாங்கத்தின் கைக்கு மாறியது. இன்றும் கீழ்மாகாணத்தின் முதன்மையான கல்லூரிகளுள் ஒன்றாய் அது விளங்குகிறது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அடிகளாரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பகலிலே பல்கலைக்கழக மாணவர்க்குச் சங்கத்தமிழ் உரைத்த பேராசிரியர், மாலையிலே பக்கத்துத் திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் வாழும் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்தார். துறவிக்கு இது தகுமோ என்று முகஞ்சுளித்தாரும் உண்டு. அடிகளார் அதனைப் பொருட்படுத்தவில்லை. கல்வி என்பது யாரோ சிலருடைய முதுசொம் அன்று என்பதை அவர் மேடையிலே பேசியதைவிடத் தெருவிலே நடந்து காட்டியதே அதிகம்.

சொல் விதைத்தவர்

இனி இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம்.

அடிகளார் பயிற்றியது இரசாயனமும் கணிதமும். பயறு ஊறவைத்து முளைகாணும் பாடம் பாலர் வகுப்பு ஆசிரியருடையது. ஆயின் அந்தப் பாலர் வகுப்பு ஆசிரியர் பிள்ளைக்கு எதைக் காட்டினாலும், காட்டியதற்கு ஒரு பெயர் சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பெயர் எம்மொழியிலே இருக்கவேண்டும் என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை காண உழைத்தவர் அடிகளார்.

1930களிலே தமிழ்நாட்டிலே உயர்தரப் பாடசாலைகளில் தாய்மொழி மூலம் கற்பிக்கும் முயற்சி எழுந்தபோது பெரிய தடை ஒன்று குறுக்கிட்டது. விஞ்ஞானப் பொருள்களுக்கு உரிய சொற்கள் தமிழிலே ஒழுங்குபடவில்லை. ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதுவோம் என்றார் சிலர். வடமொழியிலிருந்து ஆக்கிக்கொள்வோம் என்றார் சிலர். தமிழ் வேரிலிருந்தே ஆக்கலாம் என்றார் வேறு சிலர். இப்பிணக்கின் நடுவே, சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தமிழறிந்த விஞ்ஞானிகளையும் விஞ்ஞானம் அறிந்த தமிழறிஞர்களையும் ஒருங்கு கூட்டியது. 1936இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலே நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கும்படி அழைக்கப்பட்டவர் விபுலானந்த அடிகளார். பண்டிதப் பட்டமும் பி.எஸ்சி. பட்டமும் ஒருங்கே உடையவர் அவரைப் போல் எத்தனை பேர் இருந்தனர்?

அம்முயற்சியின் பயனாக, 1938இல் கலைச்சொற்கள் என்னும் தொகுதி வெளிவந்தது. கணிதம், பௌதிகம், இரசாயனம், தாவரநூல், விலங்குநூல், விவசாயம் முதலிய துறைகளுக்கு ஏறத்தாழப் பத்தாயிரம் சொற்கள் அதனுள் அடங்கின. தமிழிலே முன்னரே வழங்கும் சொல் இருந்தால் அதனையே கொள்ளுதல், இல்லையாயின் தமிழ் வேரிலிருந்து ஆக்குதல், அதுவும் இயலாதாயின் பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயைய ஏற்றல் என்பதே அத்தகைய பணிக்கு ஏற்ற நெறி. வெறுப்பினால் எதனையும் தள்ளாமலும், மயக்கத்தினால் எதனையும் கொள்ளாமலும் நடக்கும் நெறி இது. பின்னர் 1950களில் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டபோது, இந்நாட்டின் மாணவர் விஞ்ஞானத்தைத் தமிழிலேயே மேல்வகுப்பு வரையும் கற்கும் வழி திறந்தது.

சொல்லுக்காக இத்துணை உழைப்பு வேண்டுமோ என்று கேட்பார்க்கு ஒரு சிறு உதாரணம் காட்டுவோம். வித்தினுள் மடிந்து கிடக்கும் தடித்த இலைகளை வித்திலை என்கிறோம். முதலிலே வெளிவரும் வேரை முளைவேர் என்கிறோம். வித்து, இலை, முளை, வேர் என்பன நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். அவற்றைச் சேர்த்த மாத்திரத்தே பொருள் விளங்குகிறது; மனனம் செய்ய வேண்டியதில்லை. இதே பொருளைக் கிரேக்க மொழியடியாக வந்த நீண்ட சொல்லாலே கேட்கும் பிள்ளை, முதலில் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறது. மல்லுக்கட்டி முடிவதற்குள் வித்தைப் பார்க்கும் ஆசை போய்விடுகிறது.

ஒரு பயறு கற்பிக்கும் பாடம்

மேனாட்டிலே புரோபெல் என்னும் ஜேர்மானியக் கல்வியாளர் 1840இல் தமது பாலர் பள்ளிக்குக் குழந்தைகளின் தோட்டம் என்னும் பொருள்பட ஒரு பெயரை இட்டார். அப்பள்ளியிலே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பாத்தி உண்டு. இலங்கையிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாடசாலைத் தோட்டங்கள் ஏற்பட்டன. காந்தியடிகள் 1937இல் வார்தாவிலே வகுத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையும் மண்ணையும் கல்வியின் நடுவிலே வைத்தது. இன்று நம் நாட்டின் ஆரம்ப வகுப்புகளில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடத்திலே பிள்ளைகள் வித்து முளைக்கவிட்டுப் பார்க்கிறார்கள். இவையெல்லாம் ஒரே கருத்தின் கிளைகள்.

ஒரு கண்ணாடிக் குவளை, சிறிது ஈரப் பஞ்சு, நாலு பயறு. இவ்வளவே முதல். பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் இடையே பயற்றை வைத்தால், மண்ணைத் தோண்டாமலே உள்ளே நடப்பது தெரியும். ஏனெனில், மண்ணிலே புதைத்த வித்தை ஒவ்வொரு காலையும் கிளறிப் பார்ப்பது பிள்ளையின் இயல்பு. கிளறிய வித்து பிழைப்பதில்லை. பஞ்சிலே வைத்த பயறு முதல் நாள் பருக்கும்; தோல் வெடிக்கும். அடுத்து, இலை அன்று, வேரே முதலில் வரும். குவளையை எப்படிச் சரித்து வைத்தாலும் வேர் வளைந்து நிலத்தை நோக்கும். தண்டு வளைந்து மேலே நோக்கும். இதைக் கண்ட பிள்ளை ஏன் என்று கேட்கும். அந்த ஏன் என்பதுதான் விஞ்ஞானத்தின் அரிச்சுவடி.

இன்னொரு சோதனை. ஒரு மெல்லிய பலகைத் துண்டிலே மூன்று அவரை வித்துகளை மேல், நடு, கீழாகக் கட்டி, நடுவித்தின் பாதி அளவுக்கு நீர் நிற்குமாறு ஒரு குவளையிலே நிறுத்துக. மேலே உள்ளதற்குக் காற்று உண்டு, நீர் இல்லை. கீழே உள்ளதற்கு நீர் உண்டு, போதிய காற்று இல்லை. நடுவே உள்ளதற்கு இரண்டும் உண்டு. நடுவித்தே செவ்வனே முளைத்து வளரும். முளைக்கும் வித்து மூச்சு விடுகிறது, அதற்குப் பிராணவாயு வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லத் தேவையில்லை, வித்தே சொல்லிவிடும்.

இதைக் கண்ட படுவான்கரைப் பிள்ளைக்கு வீட்டிலே ஒரு காரியம் விளங்கும். சேற்றிலே முளைநெல் வீசியபின் தந்தையார் வயல்நீரை ஏன் வடியவிடுகிறார்? விதைத்த கையோடு பெருமழை பெய்து வயல் மூழ்கினால் ஏன் வருந்துகிறார்? நெல் நீரை ஓரளவு தாங்கும். பயறு அதுவும் தாங்காது. தந்தையார் அனுபவத்தால் அறிந்ததைப் பிள்ளை காரணத்தோடு அறிகிறது. அறிந்த பிள்ளை தந்தையின் தொழிலை இழிவாக எண்ணுமோ? கல்வி கற்ற பிள்ளை மண்வெட்டியைத் தொட நாணுகிறது என்று முதியோர் வருந்துகிறோமே, அதற்கு மருந்து இங்கே இருக்கிறது.

பயற்றோடு ஒரு பிடி நெல்லையும் முளைக்கவிட்டால் மற்றொரு பாடம் கிடைக்கும். பயறு தன் இரு வித்திலைகளையும் தோளிலே சுமந்துகொண்டு மேலெழும். நெல்லோ ஒற்றை வித்திலையை உள்ளேயே வைத்துக்கொண்டு ஊசிபோல் ஒரு முளையை நீட்டும். முற்றத்துத் தெங்கும் நெல்லின் இனத்தையே சார்ந்தது; அதற்கும் வித்திலை ஒன்றே. மாவும் வேம்பும் பயற்றைப் போல் இரு வித்திலை உடையன. தொல்காப்பியர் தம் மரபியலிலே புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் வகுத்தார். அவ்வாறு நோக்கின் தென்னையும் பனையும் புல்லின் பாற்படும். அவர் நோக்கியது தண்டை. இன்றைய தாவரவியல் நோக்குவது வித்தை. வழி வேறாயினும், உயரத்தைக் கண்டு மயங்காமல் உள்ளமைப்பை நோக்கிய கண் ஒன்றே. இதனைப் பாலருக்குச் சொல்ல முடிகின்ற ஆசிரியர் தமிழும் விஞ்ஞானமும் அறிந்தவராய் இருத்தல் வேண்டும். அடிகளார் காண விரும்பிய ஆசிரியர் அத்தகையோரே.

பூசையும் பாடமும்

நம் சமய ஒழுக்கத்திலும் வித்து முளைக்கவிடும் வழக்கம் உண்டு. கோயில் மகோற்சவத்தின் தொடக்கத்திலே அங்குரார்ப்பணம் நடைபெறும். பாலிகையிலே நவதானியம் இட்டு, முளைத்ததைக் கொண்டு விழாச் செய்வர். நவராத்திரியிலும் மண் பரப்பி நவதானியம் தூவி, நடுவே கும்பம் வைத்து வழிபடுவது நம் பாடசாலைகளிலும் இல்லங்களிலும் காணும் வழக்கம். விஜயதசமி வருவதற்குள் கும்பத்தைச் சுற்றிப் பயிர் எழுந்து நிற்கும்.

அந்தப் பயிரை உற்று நோக்கிய இளைஞர் எத்தனை பேர்? இருண்ட அறையிலே வளர்ந்த பயிர் நெடிதாய், மெலிதாய், வெளிர் மஞ்சளாய் நிற்கும். வெளியிலே வெயில் பட வளர்ந்தது குட்டையாய், திடமாய், பச்சையாய் நிற்கும். ஒளி இன்றேல் பச்சையம் உண்டாவதில்லை. ஒளியைத் தேடியே முளை தன் சேமிப்பையெல்லாம் செலவழித்து நெடிதாய் நீளுகிறது. வித்தினுள் இருக்கும் உணவு தீர்ந்ததும், ஒளி காணாத பயிர் மடிகிறது. முளைப்பதற்கு ஒளி வேண்டியதில்லை. வாழ்வதற்கு ஒளி வேண்டும். கலைமகளுக்கு எடுக்கும் விழாவிலேயே இவ்வளவு பெரிய பாடம் நம் கண்முன் கிடக்கிறது. பூசையிலே பாடத்தைக் காண்பதனால் பூசைக்குக் குறைவு வாராது. இறைவன் படைப்பை உற்றுநோக்குவதும் ஒரு வழிபாடே அன்றோ?

யாழும் நிறைவும்

1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழை நடாத்திய அடிகளார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். இடையறாத இப்பணிகளுக்கிடையே ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆராய்ந்து அவர் எழுதிய யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக, 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேறியது. மறைந்துபோன யாழ்க் கருவியின் நரம்புகளையும் சுரத்தானங்களையும் சிலப்பதிகார அடிகளிலிருந்து கணித்து, அவ்வாறு அமைத்த கருவிகளையும் அங்கே காட்டினார். ஒலியின் அலைவெண்ணைக் கணிக்கத் தெரியாத தமிழ்ப் புலவர் அந்நூலை எழுதியிருத்தல் இயலாது. சிலப்பதிகாரம் அறியாத பௌதிகரும் எழுதியிருத்தல் இயலாது.

பிறந்த வாவியை அவர் மறந்தாரில்லை. நிலாக் காலத்து இரவிலே வாவியின் அடியிலிருந்து எழும் இன்னொலியை நீரர மகளிரின் இசையாகப் பாடியும் வைத்தார். ஊரார் மீன் பாடுகிறது என்று சொல்லி மகிழ்ந்த ஒன்றை, இசையறிஞரின் செவியோடும் புலவரின் உள்ளத்தோடும் அணுகியவர் அவர்.

யாழ்நூல் அரங்கேறி ஆறு வாரங்களே கழிந்த நிலையில், 1947 ஜூலை 19ஆம் நாள், தமது ஐம்பத்தைந்தாவது வயதிலே, கொழும்பிலே அடிகளார் மகாசமாதி எய்தினார். திருவுடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. இறைவனுக்கு உகந்த மலர் எது என்று வினாவி, ஒவ்வொரு மலராய் எடுத்து அதுவன்று என்று விலக்கி, உள்ளமாகிய தாமரையே அம்மலர் என்று முடியும் அவருடைய பாடல் சமாதியிலே பொறிக்கப்பட்டுள்ளது. வினாவுதல், ஆராய்தல், பொருந்தாததை விலக்குதல், உண்மை காணுதல் என்னும் விஞ்ஞானியின் வழியிலேயே அந்தப் பக்திப் பாடலும் நடக்கிறது.

நம் கடன்

அடிகளார் மறைந்தபின் காலம் பல மாறுதல்களைக் கண்டது. 1945இல் வந்த இலவசக் கல்வியும், அதனைத் தொடர்ந்த தாய்மொழிக் கல்வியும் கிராமத்துப் பிள்ளைகளை வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆக்கின. போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இவ்வாவிக்கரையை வருத்தின. பாடசாலைகள் மறுபடியும் எழுந்தன. இன்று சில பாடசாலைகளில் ஆங்கில மூலமும் விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. பெற்றோர் பலர் மழலை மாறாப் பிள்ளைக்கும் ஆங்கிலமே வேண்டும் என்கின்றனர்.

ஆங்கிலம் வேண்டாம் என்று அடிகளார் பெயரால் யாரும் சொல்லமுடியாது. இரண்டு ஆங்கில இதழ்களுக்கு ஆசிரியராய் இருந்தவர் அவர். ஆயின் எதை எப்போது என்பதே கேள்வி. வித்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வேர், பின்னரே இலை. வேர் தாய்மொழியிலே ஊன்றட்டும்; கிளைகள் எத்திசையிலும் பரவட்டும். தன் மொழியிலே ஏன் என்று கேட்கப் பழகிய பிள்ளை, பிறகு எம்மொழியிலும் கேட்கும். கேட்கப் பழகாத பிள்ளை, எத்தனை மொழி கற்றாலும் சொன்னதைச் சொல்லும்.

இளைஞர்களே, அடிகளாரின் திருவுருவத்துக்கு மாலை சூட்டுவதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. வரும் நவராத்திரியிலே உங்கள் ஊர்ச் சிறுவர்களைக் கூட்டுங்கள். கும்பத்தருகே ஒரு தட்டும், வெயில் படும் திண்ணையிலே ஒரு தட்டுமாக நவதானியம் இடச் செய்யுங்கள். நாள்தோறும் அளந்து, கண்டதைக் கண்டவாறே தமிழிலே எழுதச் சொல்லுங்கள். விஜயதசமியன்று அக்குறிப்புப் புத்தகங்களையும் கலைமகள் முன்னிலையில் வையுங்கள். முதியோர்களே, உங்கள் கையிலே உள்ள விதைநெல்லையும், அதைப் பேணும் முறையையும் அச்சிறுவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஏட்டிலே இல்லாத அறிவு உங்களிடம் நிறைய உண்டு.

காரைதீவுத் திண்ணையிலே ஏடு தொடக்கிய ஒரு சிறுவன், இமயம் வரை சென்று மீண்டு, இவ்வாவிக்கரையிலேயே துயில்கிறான். அவன் விதைத்த சொற்கள் நம் பிள்ளைகளின் வாயிலே முளைத்து நிற்கின்றன. அவற்றுக்கு நீரும் ஒளியும் அளிப்பது நம் கையிலே இருக்கிறது.

வாழ்க அடிகளார் திருநாமம்!